ஜப்பானில் பெயர் தெரியாத பழைய பேஸ் கிட்டார் வாங்குமுன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு பழைய பொருள் கடையில் 38,000 யென் கொடுத்து, கழுத்தும் (நெக்) உடலும் ஒரே மரமாக ஓடும் நெக்-த்ரூ வகைப் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினேன். பளபளப்பான வால்நட் மரம், கனமான பித்தளை பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்), கடையின் சிறிய ஆம்ப்ளிஃபையரில் கேட்ட ஆழமான ஓசை ஆகிய மூன்றும் என்னை மயக்கிவிட்டன. இரண்டு வாரம் கழித்துப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனபோது, நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றும், அது உடலோடு ஒரே மரமாக ஓடுவதால் கழற்றி மாற்ற வழியில்லை என்றும், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி விரற்பலகையைச் சீவிச் சமன்செய்ய 70,000 யென்னுக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். அந்தச் செலவைச் செய்தாலும் அந்தக் கருவியை யாரும் 40,000 யென்னுக்கு மேல் வாங்கமாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

பிரபலமில்லாத பெயர் தாங்கிய பேஸ் கிட்டாரின் நன்மையும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பெயர் இல்லாததால் நல்ல வேலைப்பாடு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதே காரணத்தால், பழுதுக்குப் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வருவதில்லை. ஆகையால் முதலில் நெக், அடுத்து மாற்றுப் பாகம் கிடைக்குமா என்ற கேள்வி, கடைசியில் ஓசை என்ற வரிசையில்தான் சோதிக்க வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

1. எந்த வகை வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

இங்கே நான் பேசுவது 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1980-களின் இறுதிவரை ஜப்பானில் செய்யப்பட்ட சாலிட் பாடி (உள்ளே வெற்றிடமில்லாத உடல் கொண்ட) பேஸ் கிட்டார்களைப் பற்றி. அரியா ப்ரோ 2, கிரெகோ, டோக்காய், ஃபெர்னாண்டெஸ், கவாய், யமஹாவின் பிபி வரிசை ஆகியவை கடைகளில் அடிக்கடி கண்ணில் படும். நாகானோ மாநிலத்தின் மாத்ஸுமோத்தோ நகரில் இருந்த மாத்ஸுமோகு தொழிற்சாலை, அரியா ப்ரோ 2 கருவிகளைச் செய்ததோடு, வெளிநாட்டுச் சந்தைக்காக வெஸ்டோன், வான்டேஜ், எலெக்ட்ரா போன்ற பெயர்களிலும் செய்து கொடுத்தது. நீங்கள் லண்டனிலோ டொரொன்டோவிலோ இருந்தால், இதே தரம் அங்கே வெஸ்டோன் என்ற பெயரில் கிடைக்கக்கூடும். கீழே சொல்லும் சோதனைகள் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் கருவி வாங்குபவர் போல்ட்-ஆன் நெக் உள்ளதையே தேடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நான்கு திருகுகளால் பொருத்தப்பட்ட நெக்கைக் கழற்றலாம், கோணம் மாற்றலாம், மிக மோசமானால் வேறொன்றைப் போடலாம். அரியாவின் எஸ்பி-1000 போன்ற நெக்-த்ரூ கருவிகள் அழகானவைதான். ஆனால் அவற்றின் நெக் கெட்டால் கருவியே கெட்டதாகப் பொருள். யமஹாவின் பிபி வரிசையில் இரண்டு வகையும் உண்டு என்பதால், பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் உடலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

தந்தியின் அதிரும் நீளத்தையும் கவனியுங்கள். 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. என்பதே வழக்கமான அளவு. அக்காலத்துக் கருவிகளில் 32 அங்குலமும் 30 அங்குலமும் கலந்து வரும். அவை கைக்கு எளிது. ஆனால் தந்திகளைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

2. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

சுருதி பார்க்கும் ட்யூனர், மில்லிமீட்டர் கோடுள்ள எஃகு அளவுகோல், ஒரு பெயரட்டை (விசிட்டிங் கார்டு), சிறு கைவிளக்கு, மல்டிமீட்டர், கேபிள் ஒன்று, பயணப் பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசு, புதிய 9 வோல்ட் பேட்டரி இரண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய பையில் அடங்கிவிடும். மல்டிமீட்டர் 2,000 யென்னுக்குள் கிடைக்கும். பின்னால் சொல்லப்போகும் ஒரே ஒரு சோதனைக்காகவாவது அதை வாங்கிவிடுங்கள்.

டோக்கியோவில் இருப்பவர்கள் ஓச்சானோமிஸு ரயில் நிலையத்திலிருந்து இறங்கும் சாலையில் வரிசையாக உள்ள கிட்டார் கடைகளில் தொடங்கலாம். அங்கே விலை சற்று அதிகம். ஆனால் பெரும்பாலான கருவிகள் சரிபார்க்கப்பட்டவை, சிறு உத்தரவாதமும் கிடைக்கும். ஹார்ட் ஆஃப் போன்ற பழைய பொருள் கடைகளில் விலை குறைவு. சோதிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. வார நாளின் முற்பகலில் போனால், கடைக்காரர் உங்களுக்காக நேரம் ஒதுக்குவார். ஒரு கருவிக்கு 40 நிமிடம் தேவை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

3. விலைச்சீட்டைப் படியுங்கள்

புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனெனில் குறைகள் பெரும்பாலும் சீட்டிலேயே நேர்மையாக எழுதப்பட்டிருக்கும். நமக்குத்தான் படிக்கத் தெரிவதில்லை. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி இந்தத் தொழிற்சொற்களைக் குழப்பிவிடும். ஆகவே சீட்டை வாசித்துக் காட்டச் சொல்லி, பின்வரும் சொற்களைக் கடைக்காரர் வாயிலிருந்து வரும்போது அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

‘ஜுன்ஸோரி’ என்றால் தந்தியின் இழுப்புக்கு நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது. நெக்கின் உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராட் வேலை செய்தால் இது எளிதில் தீரும். ‘கியாகுஸோரி’ என்றால் பின்னோக்கி வளைந்திருக்கிறது. ராடைத் தளர்த்திச் சரியாகாவிட்டால் தொல்லை. ‘நெஜிரே’ என்றால் முறுக்கம். இந்தச் சொல்லைக் கேட்டால் கருவியைத் திரும்ப வைத்துவிடுங்கள். ‘ஹை-ஒகி’ என்றால் நெக் உடலோடு சேரும் இடத்துக்கு மேல் உள்ள ஃப்ரெட்டுகள் எழும்பி நிற்கின்றன. ‘காரி’ என்பது குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போய்விடும். ‘ரொத்தோ யோயூ அரி’ என்றிருந்தால் ட்ரஸ் ராடை இன்னும் முறுக்க இடம் இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு வரி சில ஆயிரம் யென் மதிப்புள்ளது. ‘ஜன்க்கு’ என்று எழுதியிருந்தால் கருவி வேலை செய்யும் என்று கடை எந்த உறுதியும் தரவில்லை, திருப்பியும் எடுத்துக்கொள்ளாது.

கருவியைச் சுவரிலிருந்து நீங்களே எடுக்காதீர்கள். ‘ஷிஸோ ஷிதெமோ ஈ தெஸ்கா’ என்று கேளுங்கள். வாசித்துப் பார்க்கலாமா என்பதே அதன் பொருள். கடைக்காரர் சுருதி கூட்டிக் கையில் கொடுப்பார். இடுப்பு வாரின் உலோகப் பூட்டு கருவியைக் கீறாதபடி பார்த்துக்கொள்வது இங்கே மரியாதையாகக் கருதப்படுகிறது.

4. நெக்: இங்கேதான் பெரும்பகுதி நேரத்தைச் செலவிட வேண்டும்

தந்திகள் நான்கும் சரியான சுருதியில் இருக்கும்போது மட்டுமே நெக்கைச் சோதிக்க வேண்டும். தளர்ந்த தந்தியோடு நேராகத் தெரியும் நெக், சுருதி ஏற்றியதும் வளையும். கடையில் தந்திகள் தளர்ந்திருந்தால், சுருதி கூட்டிப் பத்து நிமிடம் காத்திருங்கள்.

மிகத் தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பெயரட்டை ஒன்று தந்தியை உயர்த்தாமல் நுழையும் அளவு, அதாவது ஏறக்குறைய 0.3 மி.மீ. இருந்தால் நன்று. 1 மி.மீட்டரை நெருங்கினால் ஜுன்ஸோரி. இடைவெளியே இல்லாமல் தந்தி ஃப்ரெட்டில் படிந்திருந்தால் கியாகுஸோரியாக இருக்கலாம்.

இப்போது இதையே மிக மெல்லிய ஜி தந்தியில் செய்யுங்கள். நான் தவறவிட்டது இந்தப் படியைத்தான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் நெக் முறுக்கமில்லாமல் இருக்கிறது. ஈ பக்கம் 0.8 மி.மீ. இடைவெளியும் ஜி பக்கம் இடைவெளியே இல்லாமலும் இருந்தால், அது முறுக்கம். ட்ரஸ் ராட் நெக்கின் நடுவில் ஓடும் ஒற்றைக் கம்பி என்பதால், அது இரு பக்கத்தையும் ஒன்றாகத்தான் இழுக்கும். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும். கண்ணால் நீளவாக்கில் பார்த்து முறுக்கத்தைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். இந்தப் பெயரட்டைச் சோதனையை யாரும் முதல் நாளிலேயே செய்யலாம்.

அடுத்து, ட்ரஸ் ராடைப் பற்றிக் கேளுங்கள். அதைத் திருகும் முனை தலைப்பகுதியில் இருந்தால், கால் சுற்று திருகிக் காட்டுமாறு கடைக்காரரிடம் பணிவாகக் கேட்கலாம்; பெரும்பாலோர் மறுப்பதில்லை. முனை உடலோடு சேரும் அடிப்பகுதியில் புதைந்திருந்தால் நெக்கைக் கழற்றித்தான் பார்க்க முடியும். அதைக் கடையில் செய்யமாட்டார்கள். அப்போது சீட்டில் ராட் பற்றிய குறிப்பு இல்லையென்றால், விலையில் 10,000 யென்னாவது குறைவாக இருந்தால் மட்டுமே துணியுங்கள். எக்காரணம் கொண்டும் நீங்களே திருகாதீர்கள். நாற்பது ஆண்டு துருப்பிடித்த ராட் உங்கள் கையில் உடைந்தால் அந்தக் கருவி உங்களுடையதாகிவிடும்.

பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 2 முதல் 2.5 மி.மீ. வரை இருப்பது வசதியானது. உயரம் 4 மி.மீ. இருந்தாலும் பிரிட்ஜில் தந்திகள் அமரும் சேணங்களை இன்னும் இறக்க இடமிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சேணங்கள் ஏற்கெனவே பிரிட்ஜின் அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தும் உயரம் குறையவில்லையென்றால், நெக்கின் கோணமே தவறு. போல்ட்-ஆனில் மெல்லிய தகடு வைத்து 5,000 யென்னுக்குள் சரிசெய்யலாம், நெக்-த்ரூவில் முடியாது.

5. ஃப்ரெட்டுகள்

ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். நான்கு தந்திக்கும் சேர்த்து எண்பதுக்கு மேற்பட்ட ஒலிகள். ஐந்து நிமிடமே ஆகும். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளில் ஒரே சுரம் கேட்டால் மேலுள்ள ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. மெல்லிய உரசல் ஓரிரு இடத்தில் இருந்தால் அதைத் தேய்த்துச் சமன்செய்யலாம். எனக்குச் சொல்லப்பட்ட கூலி 18,000 யென். ஃப்ரெட்டின் உயரம் 0.6 மி.மீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சமன்செய்ய உலோகமே மிச்சமில்லை; முழுவதையும் மாற்ற 45,000 முதல் 60,000 யென் வரை கேட்டார்கள்.

ஜி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அடங்கிப் போனால் பதறாதீர்கள். நெக்கின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. விலையுயர்ந்த கருவிகளிலும் உண்டு, பழுதுபார்த்துத் தீராது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்து, உங்கள் காதுக்குப் பொறுக்கிறதா என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

6. மின்பகுதி

எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திறந்து, கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளவிடுங்கள். தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் சுருளே பிக்கப்; பிரசிஷன், ஜாஸ் என்பவை அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் இரண்டு மாதிரிகள். பேட்டரி இல்லாத பாஸிவ் கருவியில், பிரசிஷன் வகை பிக்கப்புக்கு 10 முதல் 12 கிலோ ஓம் அருகிலும், ஒற்றை ஜாஸ் வகைக்கு 7 முதல் 8 கிலோ ஓம் அருகிலும் காட்டும். இரண்டு ஜாஸ் பிக்கப்புகளும் ஒன்றாகத் திறந்திருந்தால் அளவு ஏறக்குறைய பாதியாகும் என்பதால், ஒன்றை மூடி மற்றதை அளக்க வேண்டும். மீட்டர் சில நூறு கிலோ ஓம் காட்டினாலோ எல்லை கடந்த எண்ணைக் காட்டினாலோ சுருளின் கம்பியோ இணைப்போ எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரியால் இயங்கும் ஆக்டிவ் கருவியில் இந்த அளவீடு பொருள்படாது. அங்கே ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் ஒரு சிறு திருப்புளியால் மெல்லத் தட்டி, ஸ்பீக்கரில் ‘டொக்’ என்ற ஒலி வருகிறதா என்று கேளுங்கள்.

ஆக்டிவ் கருவிகளில் பேட்டரி அறையைத் திறந்து பார்ப்பதை மறக்காதீர்கள். பேட்டரி கசிந்து பச்சை படிந்திருந்தால், அது கம்பி வழியே சர்க்யூட் பலகை வரை சென்றிருக்கக்கூடும். அக்காலத்து ப்ரீஆம்ப் (ஓசையைப் பெருக்கும் சர்க்யூட்) பலகைகள் பலவற்றுக்கு நேரான மாற்று இல்லை.

7. பாகம் உடைந்தால் மாற்று கிடைக்குமா?

பிரபலமில்லாத கருவியின் உண்மையான மதிப்பை நிர்ணயிக்கும் கேள்வி இது. கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். டோக்காய், கிரெகோ, ஃபெர்னாண்டெஸ் ஆகியவை ஃபெண்டரின் அளவுகளைப் பின்பற்றிச் செய்த கருவிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். தங்களுக்கென்று சொந்த வடிவம் வகுத்துக்கொண்ட கருவிகளில்தான், ஒரு பிக்கப் செத்தால் மரத்தையே குடைய வேண்டிய நிலை வருகிறது. அரியாவின் எஸ்பி வரிசை அப்படிப்பட்டது.

எஃகு அளவுகோலை எடுத்து இவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜாஸ் வகை பிக்கப் என்றால் நெக் பக்கத்தது சுமார் 92 மி.மீ., பிரிட்ஜ் பக்கத்தது சுமார் 94 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருந்தாலும் மாற்று வாங்க முடியும், ஆனால் அளவைச் சொல்லி வாங்க வேண்டும். பிரிட்ஜில் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளின் இடைவெளி 19 மி.மீ. அளவில் இருந்து, அது ஐந்து திருகுகளால் மேலிருந்து பொருத்தப்பட்டிருந்தால் வழக்கமான பிரிட்ஜ் பொருந்த வாய்ப்பு அதிகம். தந்தி முறுக்கும் ட்யூனர்களின் துளை பெரியதா சிறியதா என்று பாருங்கள்: பழைய பெரிய வகைக்கு சுமார் 17.5 மி.மீ., சிறிய வகைக்கு சுமார் 14 மி.மீ. நான்கில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால், முன்பே ஒன்று உடைந்து கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

குமிழ்களின் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்களில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானியத் தயாரிப்பின் தண்டு 6 மி.மீ.; அமெரிக்க வகையின் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பழைய குமிழ் புதிய தண்டில் ஏறாது. அமெரிக்க வகைக்கு உடலில் உள்ள துளையையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஆகவே ஜப்பானிய அளவிலேயே கேட்டு வாங்குங்கள். ஒன்று 500 யென் அளவில்தான் இருக்கும்.

வரிசை எண்ணை வைத்து வயதைக் கணிக்கலாம். 1970-களின் நடுவிலிருந்து 1980-களின் நடுவரை வந்த ஐபனெஸ் கருவிகளில் முதல் எழுத்து மாதத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும்; ஏ என்றால் ஜனவரி, 79 என்றால் 1979. மற்ற பெயர்களுக்கு இதே விதி பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதைவிட நெக்கின் நிலையே முக்கியம் என்பதால், எண்ணைத் தேடி அதிக நேரம் செலவிட வேண்டாம்.

8. எடை

கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். 4 கிலோ சுமாரானது, 4.5 கிலோவுக்கு மேல் இரண்டு மணிநேரம் நின்று வாசிக்கத் தோள் வலிக்கும். வாரைத் தோளில் மாட்டிக் கையை விட்டுப் பார்த்து, தலைப்பகுதி கீழே சரிகிறதா என்றும் கவனியுங்கள்.

9. கணக்குப் போடுங்கள்

ஜப்பானில் கடைச் சீட்டு நுகர்வு வரி 10 விழுக்காட்டைச் சேர்த்த விலையையும் காட்ட வேண்டும். இரண்டு விலை இருந்தால் பெரிய எழுத்தில் உள்ளது வரி சேராத விலையாக இருக்கலாம். எனது இரண்டாவது கருவிக்கு, 1980-களின் ஒரு போல்ட்-ஆன் பேஸுக்கு, நான் எழுதிய கணக்கு இது: வரியோடு விலை 42,000 யென், ஃப்ரெட் சமன்செய்ய 18,000, தந்திகள் 3,500, ஜாக் மாற்றவும் குமிழ்களைச் சுத்தம் செய்யவும் 5,000, மொத்தம் 68,500 யென். அதே தொகைக்கு உத்தரவாதத்தோடு புதிய கருவி எது கிடைக்கும் என்று பக்கத்து அடுக்கிலேயே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பழுதுச் செலவு கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்பது இந்தக் கருவிக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வரம்பு; இதில் அது பாதியைத் தாண்டியிருந்தது.

பழுதுபார்க்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். சாதாரணச் சரிசெய்தலுக்கு ஒரு வாரம், ஃப்ரெட் வேலைக்கு மூன்று முதல் ஆறு வாரம். கச்சேரி நாளுக்கு முந்தைய மாதம் பழைய கருவி வாங்காதீர்கள்.

10. ஆவணங்கள்

ரசீதில் மாதிரிப் பெயரும் வரிசை எண்ணும் எழுதித் தருமாறு கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை நாள், எதற்கு என்பதை அந்தத் தாளிலேயே குறித்து வாங்குங்கள். பல கடைகளில் அது மின்பகுதிக்கு மட்டுமே, நெக்குக்கு இல்லை.

பின்னாளில் கடைக்கு விற்பதானால், 10,000 யென்னும் அதற்கு மேலும் மதிப்புள்ள பழைய பொருளை வாங்கும் கடை, சட்டப்படி உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். குடியிருப்பு அட்டையான ஸாய்ர்யூ கார்டைக் கொண்டுசெல்லுங்கள்; அதில் பழைய முகவரி இருந்தால் முதலில் நகராட்சியில் மாற்றிவிட்டுப் போங்கள். இந்த ஒரு காரணத்தால் ஒருமுறை கனமான பெட்டியோடு திரும்பி வந்திருக்கிறேன்.

சுற்றுலாவாக வந்திருப்பவர்கள், வரிவிலக்கு தரும் கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் நுகர்வு வரியிலிருந்து விலக்குப் பெறலாம்; கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2026 நவம்பர் முதல் வரியைக் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுப் போகும்போது திரும்பப் பெறும் முறைக்கு இது மாறுகிறது. இங்கே வேலை விசாவில் வாழ்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஊருக்கு எடுத்துப்போவதாக இருந்தால் விரற்பலகையின் மரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் பலவற்றில் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம் இருக்கும். அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் 2017 ஜனவரியில் வந்த கட்டுப்பாட்டிலிருந்து, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லி விற்கும் கருவியை எல்லை கடத்தத் தனி அனுமதி வேண்டும். இந்தியச் சுங்கத்தில் மதிப்பைக் காட்டவும் உங்களுக்குள்ள ஆதாரம் அந்த ரசீதுதான்.

11. விமானமும் முதல் மாதமும்

விமானப் பெட்டிகளுக்குப் பல நிறுவனங்கள் வைக்கும் வரம்பு, நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. பேஸ் கிட்டாரின் கடினப் பெட்டி இதைத் தாண்டும். போல்ட்-ஆன் கருவியென்றால் தந்திகளைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, இரண்டு துண்டாகத் துணிகளுக்கு நடுவே பெரிய பயணப் பெட்டியில் வைக்கலாம். திருகுகளை ஒரு சிறு பையில் போட்டு உடலின் குழியிலேயே ஒட்டிவிடுங்கள். கூடவே ஆம்ப்ளிஃபையரும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230 வோல்ட்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் புதுத் தந்தி போட்டு, சுருதி கூட்டி, இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். குளிர்காலத்து வறட்சியில் ஒரு வளைவும், ஜூன், ஜூலை மாத மழைக்காலத்து ஈரத்தில் வேறொரு வளைவும் காட்டும் மரம் அது. டோக்கியோவிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனாலும் நெக் மறுபடி அசையும். பெயரட்டைச் சோதனையை வாரம் ஒருமுறை செய்து எண்களைத் தேதியோடு குறித்து வைத்திருந்தால், அந்தத் தாளைப் பார்த்தே பழுதுபார்ப்பவர் ராடை எவ்வளவு திருக வேண்டும் என்று முடிவு செய்வார்.